இறால் குட்டைக்கு வாரம் ஒரு மூட்டை ஜியோலைட்: நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா?

கொள்ளிடக்கரை (சீர்காழி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். சீர்காழிக்குக் கிழக்கே ஒரு ஏக்கரில் வனாமி இறால் விட்டிருக்கிறேன், குஞ்சு விட்டு இன்றைக்கு எழுபதாவது நாள். தண்ணீரில் உப்பு 18 பிபிடி (லிட்டருக்கு 18 கிராம் போல), ஆழம் நாலடி, தீவனம் நாளைக்கு 60 கிலோ போகிறது. நாற்பதாவது நாள் வாக்கில், இறாலுக்கு விஷமான அம்மோனியா தண்ணீரில் எவ்வளவு என்று பார்க்கிற கிட்டில் நிறம் ஏற ஆரம்பித்ததும் தீவனக் கடைக்காரர் வாரம் ஏக்கருக்கு ஒரு மூட்டை, அதாவது 25 கிலோ, ஜியோலைட் என்கிற கல்தூளை வீசச் சொன்னார். நாலு வாரமாக வீசிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் கிட்டில் 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்), இன்றைக்கும் 1 பிபிஎம். கேட்டால் "போடாமல் விட்டிருந்தால் மூணுக்குப் போயிருக்கும் தம்பி" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

போன வாரம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு, ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறார்கள். சும்மா அதன் புத்தகத்தைப் புரட்டினால் உள்ளே ஜியோலைட் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன், அவ்வளவுதான், மனிதர் அதையே பிடித்துக்கொண்டார். "அதே கல்தான் தம்பி, குட்டைக்கும் ஆக்சிஜன் கொடுக்கும்" என்கிறார். இது போதாது என்று வீட்டில் வாங்குகிற சலவைத்தூள் பாக்கெட்டிலும் பொடி எழுத்தில் அதே பெயர்.

ஒரே கல் துணியும் துவைத்து, ஆளுக்கு மூச்சும் கொடுத்து, இறாலையும் காப்பாற்றுமா? கொட்டகையில் இன்னும் ஆறு மூட்டை கிடக்கிறது. எல்லாம் கடன் கணக்கு, பிடிப்பு முடிந்துதான் தீர்ப்பேன் என்பதால் கடைக்காரரோடு முறுக்கிக்கொள்ளவும் முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய கெமிஸ்ட்ரி (மயிலாடுதுறை)

தம்பி, மூன்றும் ஒரே குடும்பம், ஆனால் ஒரே ஆள் இல்லை. முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன், கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் கோத்துக் கட்டிய கூண்டுதான் ஜியோலைட். காவிரி கொண்டுவந்து போட்ட நம் களிமண்ணிலும் இதே மூன்றும்தான், ஆனால் அங்கே தகடு தகடாக அடுக்கியிருக்கும், இங்கே தேன்கூடு மாதிரி ஓட்டையும் சந்துமாக இருக்கும். அந்தச் சந்துகளில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும். 1756-ல் குரோன்ஸ்டெட் என்கிற சுவீடன்காரர் இப்படி ஒரு கல்லைச் சூடாக்கிப் பார்த்தபோது அது நுரைத்துக் கொதித்தது. கிரேக்கத்தில் கொதிப்பதற்கு ஒரு சொல், கல்லுக்கு ஒரு சொல், இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார். நம் நாட்டில் நாசிக், புணே பக்கம் எரிமலைப் பாறைகளில் அழகழகான படிகமாகவே கிடைக்கிறது.

கூண்டில் அலுமினியம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எதிர் மின்னூட்டம் மிச்சம் நிற்கும். அதைச் சரிக்கட்ட சோடியமோ பொட்டாசியமோ கால்சியமோ உள்ளே குடியிருக்க வேண்டும். இந்தக் குடித்தனக்காரர்கள் சொந்த வீட்டுக்காரர்கள் இல்லை. வேறு ஒருவர் வந்தால் காலி செய்துவிட்டுப் போவார்கள். சலவைத்தூளில் நடப்பது இதுதான். அதில் இருப்பது 4ஏ என்கிற, ஆலையில் செய்த ஜியோலைட். போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும், தண்ணீர் மென்மையாகும், சோப்பு நுரைக்கும். முன்பு இந்த வேலைக்குப் பாஸ்பேட்டைப் போட்டார்கள். அது கழிவுநீரோடு ஏரிக்குப் போய்ப் பாசியை ஊதிவிட்டதால் 1970-களில் ஐரோப்பாவில் ஜியோலைட் அந்த இடத்துக்கு வந்தது.

உங்கள் மூட்டையில் இருப்பது, அதாவது இருக்க வேண்டியது, கிளினாப்டிலோலைட் என்கிற இயற்கைக் கல். அதன் குணம், சோடியத்தைவிட அம்மோனியத்தை, அதாவது தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் இருக்கும் வடிவத்தை, அதிகம் விரும்பும். அதனால் நன்னீரில் அம்மோனியா எடுக்க அது நல்ல சரக்கு, கடைக்காரர் அதில் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குட்டை நன்னீர் இல்லையே! 18 பிபிடி தண்ணீரில் லிட்டருக்கு ஐந்தரை கிராம் சோடியம் இருக்கிறது, அம்மோனியா இருப்பதோ ஒரு மில்லிகிராம். எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு அம்மோனியத்துக்கு ஏறக்குறைய 3,400 சோடியம். திருவாரூர் ஆழித்தேர் அன்றைக்குக் கோயில் வாசலில் நின்றுகொண்டு கூட்டத்தில் உங்கள் சித்தப்பாவை மட்டும் கண்டுபிடித்து உள்ளே கூப்பிட வேண்டும் என்றால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். போதாக்குறைக்கு இந்தக் கல் அம்மோனியத்தைவிடவும் பொட்டாசியத்தை அதிகம் விரும்பும், அதுவும் உங்கள் தண்ணீரில் அம்மோனியத்தைப் போல எழுபது மடங்கு இருக்கிறது.

ஆக்சிஜன் கதை வேறு. அதை அந்த வேலை தெரிந்தவர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


குடந்தை கலர்மீன்

சார் சொன்னதை நாங்கள் வேறு வழியில் தெரிந்துவைத்திருக்கிறோம். கும்பகோணத்தில் சின்னதாகக் கலர் மீன் கடை வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து பையில் மீன் வரும்போது உள்ளே அம்மோனியா ஏறிப் போயிருக்கும், தொட்டி ஃபில்டரில் ஒரு பை ஜியோலைட் போட்டால் நன்றாகவே இறங்கும். இது முழுக்க நன்னீர், கவனியுங்கள்.

அப்புறம் அந்தக் கல் நிறைந்துவிட்டால் என்ன செய்வோம் தெரியுமா? தூக்கி எறிவதில்லை. ஒரு வாளித் தண்ணீரில் கை நிறையக் கல்லுப்பு கரைத்து ஒரு ராத்திரி முழுக்க ஊறப் போடுவோம். பிடித்த அம்மோனியா எல்லாம் உப்புத் தண்ணீரில் கழன்றுவிடும், கல் மறுபடி புதுசு. அலசிக் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அதாவது அண்ணே, நாங்கள் கல்லைக் கழுவுகிற தண்ணீரில்தான் நீங்கள் கல்லையே வீசுகிறீர்கள்.


வேதை உப்புக்காற்று (வேதாரண்யம்)

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்களே. பன்னிரண்டு வருடமாகக் குட்டை வைத்திருக்கிறேன், வனாமி வருவதற்கு முன்னால் புலி இறால் காலத்திலிருந்து அப்பா செய்த தொழில். ஜியோலைட் வீசின மறுநாள் தண்ணீர் தெளிவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இறால் சுறுசுறுப்பாகச் செக் டிரேக்கு (தீவனம் தின்கிறதா என்று பார்க்க வைக்கிற தட்டு) வருகிறது. புத்தகத்தில் படித்துவிட்டு ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட்டால், நஷ்டம் வந்தால் நீங்களா தருவீர்கள்? வாரம் ஒரு மூட்டை என்ன பெரிய செலவு, ஒரு நாள் தீவனக் காசு கூட இல்லை. கொள்ளிடக்கரை தம்பி, எழுபது நாள் இறாலை வைத்துக்கொண்டு பரிசோதனை எல்லாம் வேண்டாம். போடுவதைப் போட்டுக்கொண்டே இருங்கள்.


பழைய கெமிஸ்ட்ரி

வேதாரண்யத்து நண்பர் கண்ணால் பார்த்ததை நான் மறுக்கவில்லை. மாவு மாதிரி அரைத்த எந்தக் கல்லை வீசினாலும் தண்ணீரில் மிதக்கிற வண்டலையும் கொஞ்சம் பாசியையும் ஒட்டிக்கொண்டு அது அடியில் படியும். தண்ணீர் தெளிவது அதனால்தான். பெண்டோனைட் களிமண்ணும் அதைச் செய்யும். தெளிந்தது என்பது வேறு, அம்மோனியா குறைந்தது என்பது வேறு. அன்றைக்கே தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரண்டு அதிகம் ஓட்டினீர்களா, தண்ணீர் மாற்றினீர்களா, புரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) போட்டீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். கடையில் இவை எல்லாம் ஒரே சீட்டில்தானே எழுதித் தருகிறார்கள்.

உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் நாலடித் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர். அதில் 1 பிபிஎம் என்றால் கிட்டத்தட்ட ஐந்து கிலோ அம்மோனியா நைட்ரஜன் கரைந்திருக்கிறது. சுத்தமான கிளினாப்டிலோலைட் ஒரு கிலோ, கூண்டில் ஒரு இடம் விடாமல் அம்மோனியமாக நிரப்பினாலும், முப்பது கிராம் நைட்ரஜன்தான் பிடிக்கும். நடைமுறையில் அதில் பாதி கூட வராது. ஆக 25 கிலோ மூட்டை அதிகபட்சம் முக்கால் கிலோ. பிபிஎம்மில் சொன்னால் 0.15. உங்கள் கிட் அந்த வித்தியாசத்தைக் காட்டவே காட்டாது.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். நாளைக்கு 60 கிலோ தீவனம், 35 சதம் புரதம் என்றால் அதில் 3.3 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இறால் உடம்பில் சேர்வது அதில் கால் பங்கு அல்லது கொஞ்சம் கூட. மிச்சம் இரண்டரை கிலோவுக்குப் பக்கம் தண்ணீருக்கும் அடிச்சேற்றுக்கும் போகிறது. தினமும்! வாரம் பதினேழு கிலோ உள்ளே போகிற இடத்தில் முக்கால் கிலோ பிடிக்கிற மூட்டை, அதுவும் உப்பில்லாத கற்பனைக் குட்டையில். இதுதான் என் வழக்கு. செலவு சின்னதா பெரியதா என்பது என் வாதம் இல்லை. போட்டாயிற்று என்ற தைரியத்தில் தீவனத்தைக் குறைக்காமல் இருந்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பயம்.

கொள்ளிடக்கரை தம்பிக்கு: செக் டிரேயில் மிச்சம் இருந்தால் தயங்காமல் தீவனத்தைக் குறையுங்கள். நடுவில் சேரும் கருஞ்சேற்றை வெளியே எடுங்கள். வெல்லப்பாகு போட்டால் பாக்டீரியா அம்மோனியாவைத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு வளரும், ஆனால் ஒரு கிலோ அம்மோனியா நைட்ரஜனுக்கு இருபது கிலோ சர்க்கரைச்சத்து போல வேண்டும், பாக்டீரியா அந்த நேரத்தில் ஆக்சிஜனையும் தின்னும், ஆகவே ராத்திரியில் ஏரேட்டர் நிற்கக் கூடாது. சாயங்காலம் பி.எச் (தண்ணீரின் அமில, கார அளவு) பாருங்கள். பி.எச் 8-ல் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் விஷமுள்ள வடிவில் இருக்கும். பாசி அதிகமாகி வெயிலில் 9-க்குப் போனால் அதே தண்ணீரில் நாற்பது பங்கு. கிட் காட்டுகிற எண் மாறாது, இறாலுக்கு மட்டும் தெரியும்.

ஒரு விஷயம், வீசும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். எந்தக் கல் தூசும் நுரையீரலுக்கு ஆகாது. ஜியோலைட் குடும்பத்திலேயே எரியோனைட் என்று நார் நாராக இருக்கும் ஒன்று உண்டு, துருக்கியில் கப்படோசியா பக்கம் சில கிராமங்களில் அந்தத் தூசால் நுரையீரல் உறையில் வரும் புற்றில் பல பேர் போயிருக்கிறார்கள். உங்கள் மூட்டையில் அது இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் மூட்டையில் என்ன கல் என்று யாரும் எழுதித் தருவதும் இல்லை.


ஆக்சிஜன் மெக்கானிக் (தஞ்சாவூர்)

மெஷின் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பழுது பார்ப்பதுதான் எனக்குச் சோறு. அந்த மெஷின் ஆக்சிஜனை உண்டாக்குவதே இல்லை. காற்றில் 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். கம்ப்ரசர் காற்றை அழுத்தி ஒரு குழாய்க்குள் அனுப்பும், குழாய் முழுக்க ஜியோலைட் மணி, ஜவ்வரிசி மாதிரி உருண்டை. அழுத்தத்தில் நைட்ரஜனை அது பிடித்துக்கொள்ளும், ஆக்சிஜன் மறுபக்கம் வெளியே வரும். சில விநாடியில் அது நிறைந்ததும் வால்வு மாறி இரண்டாவது குழாய் வேலையை எடுத்துக்கொள்ளும், முதல் குழாய் அழுத்தம் விட்டு நைட்ரஜனை வெளியே துப்பிவிடும். அந்த டுப், டுப் சத்தம் அதுதான். காற்றில் ஒரு பங்குக்குப் பக்கம் இருக்கும் ஆர்கான் என்கிற வாயுவை அது பிரிக்காது, அதனால் எத்தனை நல்ல மெஷினும் 95 சதத்துக்கு மேல் தராது, 93 காட்டினால் மெஷின் ஆரோக்கியம். 2021 கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிகளில் நிறுவிய ஆக்சிஜன் பிளான்ட் எல்லாம் இதே வேலையைப் பெரிய தொட்டியில் செய்வதுதான்.

இதில் அண்ணனுக்கு வேண்டிய விஷயம்: இந்த மணிகளுக்கு ஜென்ம விரோதி ஈரம். நைட்ரஜனைவிடத் தண்ணீரை ஆயிரம் ஆசையாகப் பிடிக்கும், பிடித்தால் எங்கள் மெஷினின் அழுத்தத்தில் விடவே விடாது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் மூடிவைத்த மெஷினை எடுத்து ஓட்டினால் 70, 75 என்று காட்டும், குழாயையே மாற்ற வேண்டிவரும். நாகை, வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருகிற மெஷினில்தான் இது அதிகம். ஆகவே மச்சான் வீட்டில் சொல்லுங்கள், தேவைப்படாத நாளிலும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும், ஃபில்டரைக் கழுவினால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும்.

ஈரக்காற்றுக்கே செத்துவிடுகிற சரக்கு, நாலடித் தண்ணீருக்குள் போய் ஆக்சிஜன் கொடுக்குமாம். கடைக்காரர் நன்றாகத்தான் வியாபாரம் செய்கிறார்.


எரிசாராயம் (ஊர் வேண்டாமே)

நான் எத்தனால் ஆலையில் ஷிப்ட் பார்க்கிறேன். ஈரத்தைப் பிடிக்கிற அந்தக் குணத்தை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் எத்தனால் 95, 96 சதத்துக்கு மேல் ஏறாது, கடைசித் தண்ணீர் கூடவே ஆவியாகி வந்துகொண்டிருக்கும். பெட்ரோலில் கலக்க 99.5 வேண்டும். 3ஏ ஜியோலைட் தொட்டி வழியாக ஆவியை விட்டால் ஓட்டையில் தண்ணீர் மட்டும் நுழையும், எத்தனால் மூலக்கூறு பெரியது, வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் பைக்கில் ஊற்றுகிற பெட்ரோலில் எத்தனாலுக்கு இப்படி ஒரு ஜியோலைட், கச்சா எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கிற இடத்தில் வினையூக்கியாக இன்னொரு ஜியோலைட், ஒய் வகை, 1960-களிலிருந்து. உப்புத் தண்ணீர்க் குட்டையைத் தவிர எல்லா இடத்திலும் வேலை செய்யும் போலிருக்கிறது. 🙂


மன்னை ரைஸ்மில்

ஜியோலைட்டையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், அதன் அண்ணன் தம்பி எல்லாம் நம் ஊர் சாம்பல் மேட்டில் கிடக்கிறது. மன்னார்குடி பக்கம் எங்கள் மில்லில் ஒரு டன் நெல் அரைத்தால் 200 கிலோ உமி, அதைப் பாய்லரில் எரித்தால் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85, 90 சதம் சுத்த சிலிக்கா. நெல்லுக்கு மண்ணிலிருந்து சிலிக்கா குடிப்பதே பழக்கம், நெல் தாள் கையை அறுப்பது அதனால்தான். சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் சோடியம் சிலிக்கேட் வரும், பாகு மாதிரி இருக்கும். அதுதான் அட்டைப்பெட்டிக்குப் பசை, சலவை சோப்புக் கட்டியில் கனம் ஏற்றுகிற சரக்கு, வார்ப்பட மண்ணை இறுக்குகிற பசை. அதோடு அலுமினியம் சேர்த்துச் சமைத்தால் சார் சொன்ன 4ஏ ஜியோலைட்டே செய்யலாம். அமிலம் விட்டால் பற்பசையிலும் டயரிலும் போகிற வெள்ளை சிலிக்கா. உமிக்கரியில் பல் தேய்த்த நம் தாத்தாக்களைச் சிரித்தோம், இப்போது அதையே டியூபில் அடைத்து வாங்குகிறோம்.

ஒரு சூட்சுமம் உண்டு. உமியை 700, 800 டிகிரிக்கு மேல் எரித்தால் சிலிக்கா படிகமாகிவிடும், காஸ்டிக்கில் லேசில் கரையாது, தூசியும் நெஞ்சுக்குக் கெடுதல். எங்கள் பழைய பாய்லரில் சூடு ஒரே சீராக நிற்காது, பாதி கறுப்பு, பாதி வெள்ளை, பாதி இளஞ்சிவப்பு என்று சாம்பல் வரும். ஒரு வியாபாரி மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். செங்கல் சூளைக்காரர்தான் இப்போது எடுத்துப்போகிறார், அதுவும் ஏற்றுகூலி எங்களுடையது.

வயலுக்கும் இது தேவைதான். வைக்கோலையும் உமியையும் வருடா வருடம் வெளியே ஏற்றிவிட்டு, சிலிக்கா திரும்ப எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. பயிரில் சிலிக்கா நன்றாக ஏறினால் குலைநோயும் தண்டுதுளைப்பானும் அவ்வளவு சுலபத்தில் ஏறாது, பயிரும் லேசில் சாயாது. சம்பாவில் கடைசி மழைக்குச் சாய்ந்த வயலைப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். வறுத்த உமிச்சாம்பலை அடியில் போடுகிற பெரியவர்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

கொள்ளிடக்கரைக்கு ஒரு கேள்வி. உங்கள் குட்டையில் தண்ணீர் என்ன நிறம்? பழுப்புத் தண்ணீர் இறாலுக்கு நல்லது என்பீர்களே, அந்த நிறம் டயாட்டம் என்கிற பாசியால் வருவது. அதன் ஓடே சிலிக்கா. சில பண்ணைகளில் சோடியம் சிலிக்கேட் போட்டு அதை வளர்க்கிறார்கள். குட்டைக்கு ஏதாவது ஒரு சிலிக்கேட்டைக் கொட்டியே தீருவது என்றால், கரைகிற சிலிக்கேட்டுக்காவது ஒரு காரணம் இருக்கிறது. சார் இதில் என்ன சொல்கிறார்?


பழைய கெமிஸ்ட்ரி

மன்னைக்காரர் சொல்வது சரி, ஆனால் அது குஞ்சு விடுவதற்கு முன்னால் தண்ணீர் தயார் செய்கிற கட்டத்து வேலை, எழுபதாவது நாளில் இல்லை. சோடியம் சிலிக்கேட் காரத்தன்மை உள்ளது, ஏற்கெனவே பி.எச் ஏறுகிற குட்டையில் அதையும் ஊற்றினால் நான் மேலே சொன்ன நாற்பது பங்குக் கதை உண்மையாகிவிடும்.

தம்பி, நாங்கள் பேசியதை எல்லாம் நம்ப வேண்டாம், வாளியில் நீங்களே பாருங்கள். அம்மோனியம் சல்பேட் உரம் ஒரு கிராம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் வாளியில் அதை 100 மில்லி விட்டால் 2 பிபிஎம் ஏறும். நன்னீர் இரண்டு வாளி, குட்டைத் தண்ணீர் இரண்டு வாளி. ஒவ்வொன்றிலும் ஒரு வாளிக்கு மட்டும் பத்து கிராம் ஜியோலைட். நாலு மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, தெளியவிட்டுக் கிட் போடுங்கள். ஜியோலைட் போடாத வாளியை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் பரிசோதனையே இல்லை. நீங்கள் குட்டைக்குப் போடுவதைப் போல 200 மடங்கு அளவு இது, ஆகவே மருந்து குறைச்சல் என்று யாரும் சொல்ல முடியாது.


கொள்ளிடக்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் ஏரேட்டர் மோட்டார் ஒன்று புகைந்துவிட்டது.

வாளிப் பரிசோதனை செய்தேன். பையனுக்கு லீவு, அவன்தான் முழுக்க நின்றான், நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறான். கொட்டகையில் இரண்டு பெயரில் சரக்கு இருந்தது, முதல் இரண்டு வாரம் வந்தது ஒன்று, அப்புறம் வந்தது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தோம், அதனால் வாளி ஆறாகிவிட்டது, பக்கத்து வீட்டு வாளி எல்லாம் வாங்கினோம்.

குட்டைத் தண்ணீரில் நாலு மணி நேரத்துக்குப் பிறகும் ஜியோலைட் போட்டதற்கும் போடாததற்கும் கிட்டில் நிற வித்தியாசமே இல்லை, இரண்டு பெயர்ச் சரக்கிலும் அப்படித்தான். அது நீங்கள் சொன்னபடி. வீட்டுப் போர்த் தண்ணீரில்தான் ஆச்சரியம். முதல் பெயர் 2-லிருந்து 0.5-க்கும் 1-க்கும் நடுவில் இறக்கியது. இரண்டாவது பெயர், இப்போது ஆறு மூட்டை கிடக்கிறதே அதில் நாலு, நன்னீரிலும் அசையவே இல்லை. அதாவது அது உப்பில் தோற்ற ஜியோலைட் கூட இல்லை, ஏதோ கல் மாவு. வாளி அடியில் சாம்பல் நிறத்தில் படிந்ததுதான் மிச்சம்.

நோட்டையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சண்டை போடவில்லை. "அண்ணே, உங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தேன், வீட்டில் சொல்லிக்கொடுத்த வழி. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டார், கணக்கிலும் கழித்துவிட்டார். வீசின நாலு மூட்டைக்குப் பேச்சில்லை. நல்ல சரக்கு இரண்டு மூட்டை என்னிடமே இருக்கட்டும் என்று விட்டேன், அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

குட்டையில் தீவனத்தை 60-லிருந்து 48-க்கு இறக்கினேன், டிரேயில் மிச்சம் வருவது நின்றுவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அந்தப் பன்னிரண்டு கிலோவைச் சேற்றுக்குத்தான் போட்டிருக்கிறேன். வெல்லப்பாகும் கொஞ்சம் போகிறது. நேற்றைய கிட் 0.5.


குடந்தை கலர்மீன்

இரண்டு மூட்டையில் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன், பேருந்தில் போட்டுவிடுங்கள். காசு அனுப்பிவிடுகிறேன்.


பழைய கெமிஸ்ட்ரி

இன்னொன்றை ஆட்டுக்கொட்டகையில் தூவுங்கள், ஆடு இருக்கிறதல்லவா? மூத்திர வாடை அடங்கும், அங்கே உப்புத் தொல்லை குறைவு. கூட்டி எடுப்பதைத் தென்னம்பாத்தியில் போட்டால் பிடித்த அம்மோனியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்கு விடும். பையனை அந்த நோட்டைப் பள்ளிக்கூடத்தில் காட்டச் சொல்லுங்கள். ஆறு வாளி என்பது பல பேருக்குத் தோன்றாத விஷயம்.


வேதை உப்புக்காற்று

நானும் நாலு வாளி வைத்துப் பார்த்தேன், இங்கே எழுதுவதாக இல்லை. சரி விடுங்கள். பிடிப்பு எப்போது, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்) என்ன?


கொள்ளிடக்கரை

அடுத்த வாரம் அண்ணே. நேற்று வலை போட்டுப் பார்த்ததில் ஐம்பது கவுண்ட். விலையை மட்டும் கேட்காதீர்கள்.